தோள் வலிக்கு பெப்டைடு ஊசி போடலாமா?

வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஜிம்மில் தோள் தசைநாணில் அடிபட்டு மூன்று மாதமாக வலி. பிபிசி-157, டிபி-500 இரண்டையும் சேர்த்துப் போடு, கூடவே சிஜேசி-1295, இபமொரெலின் போட்டால் இன்னும் நல்லது என்கிறார் நண்பர். எல்லாம் ஒன்றுதானா? எதில் ஆரம்பிக்கலாம்?"

எல்லாம் ஒன்று இல்லை. நான்குமே பெப்டைடுகள்தான், ஆனால் பெப்டைடு என்றால் அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி, அவ்வளவுதான். இன்சுலினும் அந்த வகைதான், உடல் எடையைக் குறைக்கப் போடும் செமாகுளுடைடும் அந்த வகைதான். அவை ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதிக்கப்பட்டு, அளவும் பக்கவிளைவும் தெரிந்த பிறகு மருந்தானவை. அந்த நல்ல பெயரைக் காட்டித்தான் மற்றதையும் விற்கிறார்கள், இதில் ஏமாந்துவிடாதீர்கள்.

பிபிசி-157 என்பது 15 அமினோ அமிலம் கொண்டது. எலிகளில் அறுந்த தசைநாண் சீக்கிரம் கூடியதாக ஆய்வுகள் நிறைய இருக்கின்றன, ஆனால் மனிதர்களில் நடந்தவை மிகச் சில, அவையும் சிறியவை. புது ரத்தக் குழாய்களை வளரத் தூண்டுவதால்தான் காயம் ஆறுகிறது என்கிறார்கள். சரி, உடம்பில் எங்காவது தெரியாமல் ஒரு கட்டி இருந்தால் அதற்கும் ரத்தக் குழாய் வேண்டுமே, அந்தக் கேள்விக்கு இன்னும் யாரிடமும் பதில் இல்லை. டிபி-500 விஷயத்தில் குழப்பம் இன்னும் அதிகம். அது தைமோசின் பீட்டா-4 என்ற 43 அமினோ அமிலச் சங்கிலியின் ஒரு சிறு துண்டு, ஆனால் முழுச் சங்கிலியையும் அதே பெயரில் விற்கிறார்கள், எனவே குப்பியில் எது இருக்கிறது என்பதே சந்தேகம்.

சிஜேசி-1295, இபமொரெலின் இரண்டின் வேலை வேறு. உடம்பே வளர்ச்சி ஹார்மோனை அதிகம் சுரக்கும்படி தூண்டுபவை. உடம்பில் நீர் கோக்கலாம், விரல்கள் மரத்துப் போகலாம், சர்க்கரை ஏறலாம். ஒரு தோள் வலிக்கு இவ்வளவு பெரிய சுவிட்சைத் தட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. போட்டிகளில் கலந்துகொள்பவர் என்றால் இன்னொன்று: இந்த நான்குமே உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் இருக்கின்றன.

அப்புறம் அந்தக் குப்பி. அடியில் கொஞ்சம் வெள்ளைப் பொடி, லேபிளில் "ஆராய்ச்சிக்கு மட்டும்", கூடவே 99 சதவீதம் சுத்தம் என்று ஒரு சான்றிதழ். அந்த எண் பெரும்பாலும் ஹெச்பிஎல்சி என்ற, கலந்திருப்பவற்றைப் பிரித்து அளக்கும் சோதனையில் வருவது, பெப்டைடோடு வேறு பெப்டைடுத் துண்டுகள் எவ்வளவு கலந்திருக்கின்றன என்று காட்டும். கிருமி இருக்கிறதா, காய்ச்சலும் நடுக்கமும் வரவைக்கும் எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சு இருக்கிறதா என்பதை அது சொல்லாது, அதற்குத் தனிச் சோதனைகள் வேண்டும். ஊசியில் ஏற்றும் பொருளுக்கு நான் முதலில் கேட்பது அந்த இரண்டையும்தான்.

அதனால் எதில் ஆரம்பிக்கலாம் என்றால், நான்கிலும் வேண்டாம். மூன்று மாதமாக வலி என்றால் முதலில் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். தசைநாண் கிழிந்திருக்கிறதா, வெறும் அழற்சிதானா என்று ஸ்கேனில் பெரும்பாலும் தெரிந்துவிடும், கிழியாத தசைநாணுக்குப் படிப்படியாக எடை கூட்டும் பிசியோதெரபி பெரும்பாலானவர்களுக்குப் பலன் தருகிறது. ஏற்கெனவே ஏதாவது போட்டிருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், முடிந்தால் குப்பியையும் கையோடு கொண்டுபோங்கள்.