ஃபீல்டு டெஸ்ட்: மும்பை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

க்ளாக்கோமா, அதாவது கண் நரம்பு கெட்டுப் பார்வை குறையும் நோய், உள்ளவர்களுக்கு எடுக்கும் ஃபீல்டு டெஸ்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நடு விளக்கையே பார்த்தபடி, பக்கத்தில் வெளிச்சப் புள்ளி மின்னும்போதெல்லாம் பட்டனை அழுத்தும் டெஸ்ட் இது. செம்பூரில் இந்த மெஷினோடுதான் என் வேலை.

மாட்டுங்கா: அக்கா, பாதி வெளிச்சம் எனக்குத் தெரியவே இல்லை. பார்வை போய்விட்டதா?

அதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாதுங்க. ஒரு புள்ளி தெரிந்ததும் மெஷின் அதே இடத்தில் இன்னும் மங்கலாகக் காட்டும். தெரியாவிட்டால் வெளிச்சத்தைக் கூட்டும். நல்ல கண்ணுக்கும் ஏறக்குறைய பாதி தெரியாமல்தான் போகும். பயந்து குத்துமதிப்பாகப் பட்டனை அழுத்தாதீர்கள். அப்படி அழுத்தினால் ரிப்போர்ட் நன்றாக வந்துவிடும், உண்மையான குறை மறைந்துவிடும். அதுதான் ஆபத்து.

முலுண்ட்: 'ஃபிக்சேஷன் லாஸ்' அதிகம் என்றார்கள்.

கண் நரம்பு வெளியேறும் இடத்தில் யாருக்குமே பார்வை கிடையாது. நாம் பார்க்கும் காட்சியில் அந்தத் தெரியாத இடம் நடுவிலிருந்து காதுப் பக்கமாக சுமார் 15 டிகிரியில் இருக்கும். மெஷின் நடுநடுவே அங்கே ஒரு வெளிச்சம் காட்டும். நீங்கள் அழுத்தினால் கண் நகர்ந்திருக்கிறது என்று கணக்கு; அதுதான் ஃபிக்சேஷன் லாஸ். தலை சாய்ந்திருந்தாலும் இப்படி வரும். களைப்பாக இருந்தால், ஹம்ப்ரி என்ற வகை மெஷினில் பட்டனை அழுத்தியபடியே வைத்திருங்கள், டெஸ்ட் நிற்கும். கண்ணைச் சிமிட்டிவிட்டுத் தொடரலாம்.

தாராவி: அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான். இந்தியில் சொன்னது புரியவில்லை. ரிப்போர்ட் மோசமாக வந்திருக்கிறது.

இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். புரியாமல் எடுத்த டெஸ்டை வைத்து மருந்தைக் கூட்டக் கூடாது. மறுபடி எடுக்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். கூடவே உள்ளே போய், "அம்மா, நடு விளக்கை மட்டும் பாருங்க. பக்கத்துல எங்க மின்னினாலும் அழுத்துங்க. தேடாதீங்க" என்று சொல்லுங்கள். மேல் இமை தொங்கினால் டேப் ஒட்டித் தூக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ரிப்போர்ட்டில் மேல் பாதி கறுப்பாக வரும். கிட்டத்தில் தெளிவாகத் தெரிய டெஸ்டின்போது கண் முன்னால் வைக்கும் லென்ஸ் கண்ணுக்கு நேராக, ஒட்டினாற்போல இருக்கிறதா என்றும் பாருங்கள். முதல் டெஸ்ட் பலருக்கும் சரியாக வராது, அடுத்தது பெரும்பாலும் தேறிவிடும்.

டோம்பிவிலி: கண் பிரஷர் 14தான். அப்புறம் எதற்கு இது?

பிரஷர் சாதாரணமாக இருந்தும் நரம்பு கெடுபவர்கள் உண்டு. அதனால்தான்.

சயான்: சார்ட்டில் கடைசி வரி வரை படிக்கிறேன். ஆனால் தாதர் நடைமேம்பாலத்தில் இடது பக்கம் வருகிறவர்கள் மேல் இடித்துக்கொள்கிறேன்.

உடனே டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள். சார்ட் நடுப்பார்வையை மட்டும் சோதிக்கிறது. ஓரத்தில் போன இடம் கறுப்பாகத் தெரியாது; மூளை அதை நிரப்பிவிடும், மறு கண்ணும் ஈடுகட்டும். ஃபீல்டு டெஸ்டில் வழக்கமாக எடுக்கும் 24-2 என்ற வகை ஒவ்வொரு கண்ணிலும் 54 இடங்களைத் தனித்தனியாகப் பார்க்கும். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம். நோய் நகர்கிறதா என்பது பல ரிப்போர்ட்டுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். எனவே பழையது ஒன்றையும் தூக்கிப் போடாமல் எடுத்துப் போங்கள். இது குடும்பத்தில் வரக்கூடியது என்பதால், அண்ணன், தம்பி, அக்கா, தங்கை இருந்தால் அவர்களையும் கண் காட்டச் சொல்லுங்கள்.