பாட்டி கேட்ட கேள்வி

அன்புள்ள அக்கா,

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. தொடக்கநிலை ஒன்றிலிருந்து ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகுகிறாள், பந்து, வளையம், ரிப்பன் ஏந்தி இசைக்கு ஆடுவது. வாரத்தில் ஐந்து நாள் பயிற்சி. சென்ற போட்டியில் கிளப், அந்தக் கைக்கட்டை, கைநழுவி உருண்டு போய்விட்டது. அன்றிலிருந்து 'போதும்மா' என்கிறாள். இந்த ஆண்டு பிஎஸ்எல்இ, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு வேறு. இந்த விளையாட்டை வைத்து நேரடிச் சேர்க்கையில் நல்ல உயர்நிலைப் பள்ளி கிடைக்கும் என்று நம்பியிருந்தோம். பயிற்சி கடுமைதான், வாராவாரம் எடை பார்ப்பார்கள், அதெல்லாம் எங்கும் உள்ளதுதானே. மாமியாருக்கு அந்த உடையே பிடிக்கவில்லை. அவளை விட்டுவிடச் சொல்வதா, பிடித்து நிறுத்துவதா? ஆறு ஆண்டு உழைப்பு வீணாகிவிடுமே.

வி., செங்காங்

அன்புள்ள வி.,

உடை அந்த ஆட்டத்துக்கு வேண்டிய உடை. மாமியாரை ஒருமுறை போட்டிக்கு அழைத்துப் போங்கள், அது போதும். கிளப் உருண்டதற்கு விதியில் கணக்கு இருக்கிறது. எத்தனை அடி நடந்துபோய் எடுத்தாள் என்று பார்த்துப் புள்ளியைக் கழிப்பார்கள். கழித்தார்கள், முடிந்தது. டோக்கியோ ஒலிம்பிக் இறுதியில் இஸ்ரேலின் லினோய் அஷ்ராம் ரிப்பனைத் தவறவிட்டும் தங்கம் வென்றார்.

உங்கள் கடிதத்தில் ஓர் அரை வரி என்னைத் தூங்கவிடவில்லை. பிஎஸ்எல்இ, பள்ளி, மாமியார் என்று இத்தனை எழுதியவர், 'வாராவாரம் எடை பார்ப்பார்கள்' என்பதை மட்டும் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். இரண்டு வாரமாக நானும் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் அண்ணன் மகள் வீடு மாறும்போது அவளுடைய பழைய ரிப்பன் ஒன்று அலமாரியிலிருந்து கிடைத்தது.

2015இல் தென்கிழக்காசிய விளையாட்டுகள் இங்கே சிங்கப்பூரில் நடந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. பீஷான் விளையாட்டு அரங்கில் உட்கார்ந்து, இமைக்காமல் பார்த்தாள். அன்று இரவு அவள் அம்மாவின் துப்பட்டாவைக் குச்சியில் கட்டிக் கூடத்தில் சுழற்றினாள். அடுத்த மாதமே ஒரு பயிற்சிக் கழகத்தில் சேர்த்தோம்.

ரிப்பனுக்கு இஸ்திரி போடுவது என் வேலை. ஜூனியர்களுக்கு 5 மீட்டர் சாட்டின் நாடா. சூடு கொஞ்சம் ஏறினாலும் சுருங்கிவிடும். மேலே மெல்லிய துணியை விரித்து, முழம் முழமாக நகர்த்திப் போட வேண்டும். ஒரு மடிப்பு இருந்தாலும் காற்றில் முடிச்சு விழும் என்பாள். நான் துணியோடு மல்லாடிக்கொண்டிருக்க, எதிரே உட்கார்ந்து அவள் சாப்பிடுவாள். சப்பாத்தியை நகமளவு கிள்ளி, குழம்பில் தோய்த்து, தட்டு முழுவதும் பரப்பி வைப்பாள். பார்ப்பவருக்குப் பாதிக்குமேல் உண்டது போலிருக்கும். ஒரு மடிப்பையும் விடாமல் தேய்த்த என் கண்ணுக்கு அந்தத் தட்டு படவே இல்லை. கழகத்தில் அரை கிலோ ஏறினாலும் எல்லார் முன்னாலும் வாசிப்பார்களாம். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதுவரை 'பிள்ளைக்கு என்ன கட்டுப்பாடு' என்று சொந்தக்காரர்களிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

கேள்வி கேட்டவர் என் அம்மா ஒருவர்தான். வீட்டில் சாயங்கால விளக்கு ஏற்றுவது பேத்தியின் பொறுப்பு. 'ஆறு மாதமாக ஒருநாள்கூடப் பிள்ளை விளக்கிடமிருந்து தள்ளி நிற்கவில்லையே, என்ன ஆயிற்று?' என்றார். பன்னிரண்டு வயதிலேயே பெரியவளானவள் அவள். இந்தக் காலத்திலும் இதையெல்லாமா எண்ணுவது என்று அம்மாவைக் கடிந்துகொண்டேன். ஓடியாடும் பெண்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று பாடமும் நடத்தினேன்.

மூன்று மாதம் கழித்து, தாவி இறங்கும்போது முன்காலில் வலி. எலும்பில் மயிரிழை போன்ற விரிசல். மருத்துவர் படத்தை ஒதுக்கிவைத்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, கடைசியாக மாதவிலக்கு எப்போது வந்தது என்பது. அம்மா கேட்ட அதே கேள்வி.

ஓடும் அளவுக்கு உண்ணாத உடம்பு, முதலில் நிறுத்திவைப்பவற்றில் ஒன்று மாதவிலக்கு. பிறகு எலும்பு வலுவிழக்கும். இதற்குச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் பெயர் வைத்து, எச்சரிக்கையும் எழுதியது. 'எங்கும் உள்ளதுதானே' என்கிறீர்கள். எங்கும் இருந்ததுதான். பிரிட்டனில் ஜிம்னாஸ்டிக்ஸ் பற்றி விசாரித்த ஒய்ட் அறிக்கை 2022 ஜூனில் வந்தது. 400க்கும் மேற்பட்டோர் தங்கள் அனுபவங்களை அதற்கு எழுதியிருந்தார்கள். பயிற்றுவிப்பாளர்கள் பிள்ளைகளை எடை பார்க்கக் கூடாது என்று மறு ஆண்டே அங்கே விதி வந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த விளையாட்டின் சர்வதேச விதிகளில் எடை உண்டு. பந்து 400 கிராம், வளையம் 300 கிராம், கிளப் ஒவ்வொன்றும் 150 கிராம். அதுவும் குறைந்தபட்ச எடை, அதற்குக் கீழே போகக் கூடாது என்பதற்காக. ஆடும் பெண்ணுக்கு எடை விதித்து அங்கே ஒரு வரியும் இல்லை. பந்தின் எடை குறைந்துவிடக் கூடாது என்று பார்க்கிறவர்கள், அதைப் பிடிக்கிற குழந்தையின் எடை ஏறிவிடக் கூடாது என்று வாராவாரம் வரிசையில் நிறுத்துகிறார்கள். நீங்களும் வெளியே பெஞ்சில் காத்திருக்கிறீர்கள். பன்னிரண்டு வயது வளர்கிற வயது, வி. எடை ஏறத்தான் வேண்டும். ஏறாவிட்டால்தான் நீங்கள் பயப்பட வேண்டும்.

ஆறு ஆண்டு வீண் என்கிறீர்களே, அந்த ஆறு ஆண்டும் யாருடையது? அவள் உடம்பு கற்றது அவளிடம் இருக்கும். நீங்கள் கட்டிய கட்டணத்தையும் காத்திருந்த மாலைகளையும் அவள் கணக்கில் எழுதாதீர்கள். அது கடனில்லை. பள்ளியில் இடம் வாங்கித் தரும் வேலையையும் அந்தச் சின்னத் தோளில் ஏற்றாதீர்கள்.

அவளுடைய 'போதும்மா'வுக்குக் காரணம் உருண்டுபோன கிளப்தான் என்று நீங்கள் முடிவுகட்டிவிட்டீர்கள். எது போதும் என்று அவளிடம் கேட்டீர்களா? ஆட்டமா, அந்த எடைக் கருவியா? என் அண்ணன் மகளிடம் நாங்கள் யாரும் கேட்கவில்லை. கால் ஆறிய பிறகும் அவள் விரிப்பின்மேல் ஏறவில்லை. ஆட்டத்தை அவள் வெறுக்கவில்லை என்று இப்போது, இருபது வயதில், சொல்கிறாள்.

இந்த வாரமே பயிற்றுவிப்பாளரிடம் பேசுங்கள். இனி என் மகளை எடை பார்க்க வேண்டாம் என்று நேராகச் சொல்லுங்கள். மறுத்தால் அன்றே வேறு இடம் தேடுங்கள், நேரடிச் சேர்க்கை போனாலும் போகட்டும். பலதுறை மருந்தகத்தில் அவளை ஒருமுறை காட்டுங்கள். இன்று இரவு, எதுவும் கேட்காமல், அவள் தட்டைப் பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா