ரவுட்டரின் லைன் கார்டில், அதாவது கம்பிகள் வந்து சேரும் பலகையில், எஸ்ராம் (வேகமான, விலை கூடிய நினைவகம்), டிராம் (மெதுவான, மலிவான நினைவகம்) இரண்டும் எதற்கு? மலிவான டிராம் மட்டும் போதாதா?

போதாது. இங்கே விலையைவிட நேரம்தான் கழுத்தைப் பிடிக்கிறது.

கம்பிவழிப் பிணையமான ஈதர்நெட்டில் மிகச் சிறிய பாக்கெட், அதாவது தரவுத் துண்டு, 64 பைட். முன்குறியும் இடைவெளியும் சேர்த்தால் 84. 100 கிகாபிட் இணைப்பில் 6.72 நானோவிநாடிக்கு ஒன்றாக அவை வந்து சேரும். ஒவ்வொன்றையும் ஒருமுறை எழுத வேண்டும், ஒருமுறை படிக்க வேண்டும். டிராமில் நினைத்த இடத்தைத் தொட ஏறக்குறைய 50 நானோவிநாடி ஆகும். ஒன்றை எழுதி முடிப்பதற்குள் அடுத்த ஏழு வாசலில் நிற்கும். எஸ்ராம் சில நானோவிநாடியில் வேலையை முடித்துவிடும்; ஆனால் கிகாபைட் கணக்கில் போட்டால் கட்டுபடியாகாது, சூடும் தாங்காது.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் காவடி நாளன்று கோவில் பந்தியில் பரிமாறியிருக்கிறேன். பருப்பு அண்டா பின்கட்டில் இருக்கும், என் கையில் சிறிய வாளி. ஆளுக்கு ஆள் அண்டாவுக்கு ஓடினால் பந்தி நகராது. வாளி காலியாகுமுன் பின்னாலிருந்து ஒருவர் நிறைந்த வாளியை நீட்ட வேண்டும். பருப்புக்கு ஒன்று, பூசணிக்காய்க்கு ஒன்று என்று பதார்த்தம் கூடக் கூட வாளிகளும் கூடும். லைன் கார்டிலும் அப்படியே: காத்திருக்கும் ஒவ்வொரு பாக்கெட் வரிசையின் தலையும் வாலும் எஸ்ராமில், நடுப்பகுதி டிராமில். சிறு பாக்கெட்டுகளைத் திரட்டிப் பெரிய கட்டுகளாக்கித்தான் டிராமுக்கு அனுப்புவார்கள். வரிசைகள் பெருகினால் எஸ்ராமும் பெருக வேண்டும்.

அண்டா, அதாவது பாக்கெட்டுகள் காத்திருக்கும் பஃபர், எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? பழைய கணக்கு, வேகத்தைப் போய்வரும் நேரத்தால் பெருக்குவது. டர்பனிலிருந்து லண்டனுக்குப் போய்வர 180 மில்லிவிநாடி என்று வைத்தால் 100 கிகாபிட்டுக்கு 2.25 கிகாபைட். 2004இல் அப்பென்செல்லர், கெஸ்லாஸி, மெக்கியோன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் அதை அந்த வழியே ஓடும் தரவு ஓட்டங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தாலே போதும் என்று காட்டினார்கள். 10,000 ஓட்டங்கள் இருந்தால் 22.5 மெகாபைட், சிப்புக்குள்ளேயே அடங்கிவிடும்.

பெரிய பஃபர் நல்லது என்று நானும் நம்பியிருந்தேன். ஒரு வாடிக்கையாளரின் 100 மெகாபிட் இணைப்பில் 12 மெகாபைட் பஃபர். மாலையில் அது நிரம்பினால் வரிசையில் காத்திருப்பு மட்டுமே ஒரு விநாடிக்குச் சற்றுக் குறைவு. “ஒரு பாக்கெட்கூடத் தவறி விழவில்லையே, பிறகு ஏன் இணையவழித் தொலைபேசிப் பேச்சு திக்குகிறது?” என்று கேட்டார். விழாததுதான் கோளாறு, பாக்கெட் விழுந்தால்தானே அனுப்புகிறவர் வேகத்தைக் குறைப்பார். வரிசையை 10 மில்லிவிநாடிக்குச் சுருக்கினேன். வெளிநாட்டுப் பதிவிறக்கம் சற்று மந்தமானது, அதற்கு ஒரு முணுமுணுப்பு வந்தது. பேச்சு திக்கவில்லை.