அழுத்தினால் வெட்டி இழுக்கும் கார்

கேள்வி: என் பெட்ரோல் கார் 80,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நிற்கும்போது இன்ஜின் சீராக ஓடுகிறது. மேட்டில் மூன்றாம் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் மட்டும் வண்டி வெட்டி வெட்டி இழுக்கிறது. பெட்ரோல் பம்ப்பை மாற்றியும் குறை தீரவில்லை. அடுத்து எதை மாற்றுவது?

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம், பாதி விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. பாரம் ஏறும்போது மட்டும் இன்ஜின் வெட்டுகிறது என்றால், முதல் சந்தேகம், பொறி வைத்துப் பெட்ரோலைப் பற்றவைக்கும் இக்னிஷன் மீதுதான் விழ வேண்டும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் கூடுதல் காற்று புகுந்து அழுத்தம் உயர்கிறது. அந்த அழுத்தத்தில் ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியைத் தாண்டுவதற்கு அதிக மின்னழுத்தம் தேவைப்படுவதால், வலுவிழந்த காயிலும் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) தேய்ந்த பிளக்கும் சரியாக அந்த நேரத்தில் பொறியைத் தவறவிடுகின்றன. மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்று சொல்வது இதைத்தான்.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர் வரிசை மாறாமல் ஒரு துணியின் மேல் வையுங்கள். வெள்ளைப் பீங்கானின் மேல் பென்சிலால் கோடிழுத்தது போல மெல்லிய கருங்கோடு தெரிந்தால், மின்சாரம் நுனிக்குப் போகாமல் அந்த வழியே கசிந்திருக்கிறது என்று பொருள். அந்தப் பிளக்கோடு காயிலின் ரப்பர் உறையையும் மாற்றிவிடுங்கள்.

பிளக்குகளில் குறை தெரியாவிட்டால், காரின் கணினி பதிந்துவைத்த பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரை இணைத்துப் பாருங்கள். உதாரணமாக, பி0302 என்ற குறியீடு வந்தால் இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று பொருள். சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள காராக இருந்தால், இரண்டாம் சிலிண்டரின் காயிலையும் மூன்றாம் சிலிண்டரின் காயிலையும் இடம் மாற்றிப் பொருத்தி, பழைய குறியீட்டை அழித்துவிட்டு, அதே மேட்டில் ஓட்டிப் பாருங்கள். குறியீடு பி0303 என்று மாறினால் காயில்தான் பழுது. மாறாவிட்டால் இரண்டாம் சிலிண்டரின் பிளக்கையும் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையும் சோதிக்க வேண்டும். செலவே இல்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் பம்ப்பை மாற்றியது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

பெட்ரோல் போதாமல் போனால் வண்டி பெரும்பாலும் இப்படிப் பட்டென்று வெட்டாது. மூச்சு வாங்குவது போல இழுவை குறைந்துகொண்டே வரும். முதல் கியரில் கிளம்பும்போது மட்டும் உதறினால் கிளட்சையும் இன்ஜின் மவுண்டையும் பார்க்க வேண்டும். ஏர் ஃபில்டருக்குப் பின்னால் உள்ள ரப்பர் குழாயையும் கையால் வளைத்துப் பாருங்கள். அதன் மடிப்புக்குள் இருக்கும் விரிசல், பாரத்தில் இன்ஜின் அசையும்போதுதான் வாய் திறக்கும்.

ஓட்டும்போது செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் ஆக்சிலரேட்டரிலிருந்து உடனே காலைத் தளர்த்தி, பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் புகைபோக்கிக்குள் போய், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்டரை அளவுக்கு மீறிச் சூடாக்கி அழித்துவிடும். அதன் விலை காயிலின் விலையைவிடப் பல மடங்கு.