மென்பவளத் துண்டு ஏன் கல்லில் ஒட்டுவதில்லை?

யாழ்ப்பாணத்தில் வீட்டு உப்புநீர்த் தொட்டியில் லெதர் கோரல் என்ற மென்பவளத்தில் புதிதாக வளர்க்க ஒரு துண்டு வெட்டி, சூப்பர் குளூ போட்டுக் கல்லில் ஒட்டினால் மறுநாளே கழன்று மிதக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பசையில் குறையில்லை. வெட்டுப்பட்ட மென்பவளம் வழுவழுவென்று சளி சுரக்கும். பசை பிடிப்பது அந்தச் சளியைத்தான், சதையை அல்ல.

நான் பசையைத் தொடுவதேயில்லை. புது பிளேட்டால் பவளத்தின் குடை போன்ற மேற்பகுதியின் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டுவேன். தொட்டி நீரிலேயே அலசி, முருகைக்கல் சல்லி ஒன்றின் மேல் வைத்து, நுளம்பு வலைத் துண்டால் மூடி றப்பர் பாண்ட் போடுவேன். இறுக்கினால் வலை சதையை அறுத்துவிடும். நழுவாமல் இருந்தால் போதும். நீரோட்டம் மெதுவாக உள்ள இடத்தில் வையுங்கள். முதலில் சுருங்கிக் கிடக்கும், பயப்படாதீர்கள். ஒன்றிரண்டு கிழமையில் அடி பிடித்துவிடும், அப்புறம் வலையை எடுக்கலாம்.

வெட்டிய அன்றே கொஞ்சம் தண்ணீர் மாற்றி, நச்சை உறிஞ்சும் கரியான ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள். லெதர் கோரல் விடும் நச்சு பக்கத்துப் பவளங்களை வாட்டும். சித்திரை வெயிலில் தொட்டி 28 பாகையைத் தாண்டினால் வெட்டவே வேண்டாம். பவளத்துக்கு உறவான சோவாந்தஸ் என்ற உயிரியை வெட்டுவதானால் கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். அதில் பாலிடொக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம்.