கொழும்பில் கோழிக்காகத் தெருவில் நிற்பது: புதிதாக வந்தவருக்கு

"சென்னையில் ஞாயிறு மாலை பெசன்ட் நகர் கடற்கரையில் முகமூடி போட்டு, பண்ணைகளில் விலங்குகள் படும் துன்பத்தை லேப்டாப்பில் வீடியோவாகக் காட்டி நிற்போம். வேலை விசாவில் கொழும்பு வந்து இரண்டு மாதம் ஆகிறது. இங்கேயும் அதைச் செய்யலாமா? யாரிடம் அனுமதி வாங்குவது? விசாவுக்கு ஆபத்து வருமா?" தம்பி கேட்டிருப்பது இது.

செய்யலாம். ஆனால் சென்னையில் செய்ததை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து இங்கே வைக்க முடியாது.

முதலில் விசா. இலங்கை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுரிமையையும் அமைதியாகக் கூடும் உரிமையையும் பிரஜைகளுக்குத்தான் தருகிறது. நம் ஊர் 19ஆம் உறுப்பும் அப்படித்தான் சொல்கிறது. அங்கே நாம் குடிமக்கள் என்பதால் அதைக் கவனித்திருக்க மாட்டோம். இங்கே நீங்கள் வெளிநாட்டவர். 2022இல் அரசுக்கு எதிராக நடந்த காலிமுகத்திடல் போராட்டத்தை இன்ஸ்டாகிராமில் பகிர்ந்துவந்த பிரித்தானியப் பெண் ஒருவரின் பாஸ்போர்ட்டை வாங்கிவைத்து, விசாவை ரத்து செய்து, வெளியேறச் சொன்னார்கள். உங்கள் வதிவிட விசா ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் வந்தது. கேள்வி வந்தால் பத்தரமுல்லை குடிவரவுத் திணைக்களத்துக்கு அவர்களும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே பொலிஸுக்குப் போகும் கடிதத்தில் உங்கள் பெயர் வேண்டாம். ஒலிவாங்கி பிடிக்காதீர்கள். நன்கொடைப் பணம் உங்கள் வங்கிக் கணக்குக்குள் வரவே கூடாது. ஏற்பாட்டாளர்கள் இந்நாட்டுப் பிரஜைகளாக இருக்கட்டும். நீங்கள் வீடியோ வெட்டலாம், துண்டறிக்கை எழுதலாம், கணக்குப் பார்க்கலாம், சமைக்கலாம். விலங்குகளுக்கான இயக்கத்துக்கு ஆள் பஞ்சம் இருப்பதும் இந்த வேலைகளில்தான்.

ஊர்வலம் என்றால் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆம் பிரிவு வரும். புறப்படும் இடத்துக்கு அருகிலுள்ள பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்குக் குறைந்தது 6 மணி நேரம் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஒரே இடத்தில் நிற்பதாக இருந்தாலும் கொடுத்துவிடுங்கள், அதுவும் இரண்டு மூன்று நாள் முன்பே. கடிதத்தில் இருக்க வேண்டியவை: ஏற்பாட்டாளர் இருவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி. இடம், தொடங்கும் நேரம், முடியும் நேரம், எத்தனை பேர், என்ன வாசகம், ஒலிபெருக்கி இல்லை என்ற உறுதி. ஒலிபெருக்கிக்குத் தனி அனுமதி வேண்டும். வீடியோ காட்டி நிற்கும் போராட்டத்துக்கு அது தேவையும் இல்லை. தமிழும் அரசகரும மொழிதான், தமிழில் கொடுக்க உரிமை உண்டு. ஆனாலும் அன்றைக்கே வேலை நடக்க வேண்டுமென்றால் சிங்களப் பிரதியும் சேர்த்துக் கொடுங்கள். இரண்டு படி எடுத்துப் போய், ஒன்றில் திகதியோடு சீல் வாங்குங்கள். நிற்கும் இடத்தில் புதிய கான்ஸ்டபிள் ஒருவர் வந்து 'யார் சொன்னது?' என்று கேட்கும்போது அந்தச் சீல்தான் பேசும்.

கோட்டை ரயில் நிலையத்து முன்னாலும் காலிமுகத்திடல் பக்கமும் வேண்டாம். அவை அரசியல் போராட்டத்தின் இடங்கள். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 106ஆம் பிரிவில் நீதவான் தடை உத்தரவு போடுவது அந்தப் பக்கத்தில் அடிக்கடி நடக்கும். நம் ஊரில் '144' என்று சொல்லிவந்த தடை உத்தரவு போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு யாரோ செய்யும் பேரணிக்காகப் போட்ட உத்தரவில் நீங்களும் மாட்டுவீர்கள். விகாரமகாதேவிப் பூங்கா பக்கம் மாலையில் குடும்பங்கள் நிதானமாக நடக்கும், நின்று கேட்கவும் நேரம் இருக்கும். பூங்காவுக்கு உள்ளே என்றால் மாநகர சபையின் அனுமதி தனியாக வேண்டும்.

முகமூடியை மறந்துவிடுங்கள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு முகத்தை மூடுவதை அவசரகால விதியில் தடை செய்தார்கள். அந்த விதி இன்று நடைமுறையில் இல்லை, அந்தப் பயம் இருக்கிறது. முகம் மூடிய பத்துப் பேர் சதுரமாக நின்றால் வீடியோவை யாரும் பார்க்க மாட்டார்கள், பாதுகாப்பு ஊழியரைத்தான் கூப்பிடுவார்கள். மெல்போர்னில் 2016இல் தொடங்கிய, சதுரமாக நின்று வீடியோ காட்டும் அந்தப் போராட்ட முறையில் திரையும் மௌனமும்தான் உயிர். முகம் தெரிய நின்றாலும் அது குறைவதில்லை.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். கொழும்பில் 'இறைச்சி வேண்டாம்' என்று ஓர் அட்டையைத் தூக்கினால் படிப்பவருக்கு முதலில் தோன்றுவது மாடு. மாட்டோடு சேர்ந்து தோன்றுவது முஸ்லிம் இறைச்சிக்கடை. 2013இல் ஹலால் எதிர்ப்புப் பிரசாரத்தின் அழுத்தத்தில் உள்ளூர்ப் பொருள்களிலிருந்து அந்த முத்திரையை விலக்கிக்கொண்டார்கள். அதே ஆண்டு வெசாக் என்ற பௌத்தப் பண்டிகை நாளில், மாடறுப்பை எதிர்த்து, கண்டி தலதா மாளிகை அருகே போவத்தே இந்திரரத்தின தேரர் தீக்குளித்து மறுநாள் இறந்தார். 2020 செப்டம்பரில் மாடறுப்பைத் தடை செய்யும் யோசனைக்கு அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தபோது, உண்பவர்களுக்காக மாட்டிறைச்சியை இறக்குமதி செய்யவும் வழி வைத்திருந்தது. உயிர்மேல் கருணை என்றால் வெளிநாட்டு மாட்டுக்கு அது ஏன் இல்லை? இந்த வரலாற்றின் மேல் போய் நின்று, நான் வேறு ஆள் என்று விளக்க உங்களுக்கு நேரம் கிடைக்காது. அறுக்கும் காட்சியைத் திரையில் ஓட்டினாலே பேச்சு மதத்துக்குத் தாவிவிடும். கூட்டத்தில் ஒருவர் 'அவன்கள்தானே' என்று தொடங்கினால் அந்த இடத்திலேயே மறுத்துச் சொல்லுங்கள். பேசாமல் நின்றால் ஆமோதித்ததாகிவிடும். மத வெறுப்பைத் தூண்டியதாக 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தில் வழக்கு வந்தால் நீதவான் பிணை தர முடியாது, மேல் நீதிமன்றம் போக வேண்டும்.

கோழியைப் பற்றிப் பேசுங்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று எல்லா வீட்டிலும் அது வேகிறது. பண்ணைகள் அதிகம் உள்ளவை வடமேல், மேல் மாகாணங்கள். குருநாகல் சாலையில் போன எவரும் அந்த நீளக் கொட்டகைகளைப் பார்த்திருப்பார்கள். துன்பத்தின் அளவும் அங்கேதான் பெரிது. முட்டையிலிருந்து வரும்போது 40 கிராம் சொச்சம் இருக்கும் புரொய்லர் குஞ்சு 35 நாளில் சுமார் 2 கிலோ ஆகிறது. இறைச்சி கூடும் வேகத்துக்குக் காலும் இதயமும் ஈடுகொடுப்பதில்லை. நிற்க முடியாத பறவை எச்சம் ஊறிய உமியிலேயே உட்காருகிறது; அதில் எழும் அமோனியா தோலைச் சுடுகிறது. சூப்பர் மார்க்கெட்டில் தோலோடு விற்கும் முழுக் கோழியைத் திருப்பி, காலின் கீழ் மூட்டைப் பாருங்கள். பழுப்பாகவோ கறுப்பாகவோ ஒரு தழும்பு பல கோழிகளில் இருக்கும். அது சமைத்ததால் வந்ததல்ல, உயிரோடு இருந்தபோதே வந்த புண். ஒருவரை ஒரு மணி நேரம் வீடியோ பார்க்கவைப்பதைவிட, அவர் வாங்கப்போகும் கோழியில் அந்த இடத்தை விரலால் காட்டுவது மேல்.

முட்டைக் கோழியின் நிலையைக் காட்ட ஒரு ஏ4 தாள் போதும். தாள் சுமார் 624 சதுர சென்டிமீட்டர். பழைய வகைக் கம்பிக் கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைப்பது 450 அளவில்தான். தாளின் நீளத்தில் 21.4 சென்டிமீட்டர் அளந்து, மிச்சத்தை ஆட்கள் முன்னாலேயே கிழித்துவிட்டு, அளந்த துண்டைப் பார்ப்பவர் கையில் கொடுங்கள். அதற்குள் சிறகை விரிக்க முடியாது, மண்ணில் புரள முடியாது, முட்டையிட ஒரு மறைவு கிடையாது. ஐரோப்பிய ஒன்றியம் இந்த வகை வெறுங்கூண்டை 2012 ஜனவரியில் நிறுத்தியது. இங்கே கையில் இருப்பது 1907ஆம் ஆண்டின் விலங்குக் கொடுமைத் தடுப்புக் கட்டளைச் சட்டம்: 100 ரூபாய் அபராதம், 3 மாதம் வரை சிறை. விலங்கு நலச் சட்டத்தின் வரைவைச் சட்ட ஆணைக்குழு 2006இலேயே தயாரித்தது; 2016இல் அமைச்சரவை ஒப்புதலும் கிடைத்தது. அதன்பிறகும் ஆண்டுக்கணக்கில் அது சட்டமாகாமல் கிடந்தது என்பதை மக்களிடம் சொல்லுங்கள்.

வீடியோ எந்த நாட்டில் எடுத்தது என்று திரையின் மூலையில் எழுதிவையுங்கள். இந்தியப் பண்ணையை இலங்கைப் பண்ணை போலக் காட்டி, கோழித்தொழிலில் இருப்பவர் ஒருவர் அதைக் கண்டுபிடித்தால், அன்று நீங்கள் சொன்ன உண்மையெல்லாம் பொய்யாகிவிடும். வேலி தாண்டிப் போய்ப் படம் எடுப்பதும், அனுமதி இல்லாமல் ட்ரோன் விடுவதும் விசாக்காரர் நினைத்தே பார்க்கக் கூடாதவை.

துண்டறிக்கையில் சிங்களம் மேலே, தமிழ் அடுத்து. தமிழில் 'சைவ உணவு' என்று எழுதாதீர்கள். இங்கே சைவம் என்றால் முதலில் சமயம். 'மரக்கறிச் சாப்பாடு' என்றால் எல்லோருக்கும் புரியும். பாலும் முட்டையும் வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். நீங்கள் சாப்பிடும் தேங்காய்ச் சம்பலில் மாசிக்கருவாடு இருக்கிறதா என்று கடையில் கேட்கவும் மறக்க வேண்டாம்.

வெசாக் காலத்தில் இறைச்சிக்கடை மூடியிருக்கும், தெருவெல்லாம் தன்சல், அதாவது இலவச உணவுப் பந்தல், நடக்கும். உள்ளூர் நண்பர்கள் பெயரில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பதிவு செய்து ஒரு சோயா மீற் (நம் ஊர் மீல் மேக்கர்) தன்சல் போடுங்கள். 100 பேருக்கு அரிசி 12 கிலோ, 90 கிராம் சோயாப் பைக்கற் 28. கொதிநீரில் ஊறவைத்து இரண்டு முறை பிழிய வேண்டும். பிழியாவிட்டால் சோயாவின் பச்சை வாடை நிற்கும், சாப்பிட்டவர் மறுபடி தொடமாட்டார்.

உங்களுக்கென்றே இருக்கும் வேலை உங்கள் அலுவலகக் கன்ரீனில் இருக்கிறது: அங்கே வாங்கும் முட்டையைக் கூண்டில்லாப் பண்ணை முட்டைக்கு மாற்றவைப்பது. அதற்குப் பொலிஸும் வேண்டாம், கடிதமும் வேண்டாம். 300 பேர், வாரம் தலைக்கு 3 முட்டை என்றால் 900 முட்டை. ஒரு கோழி வாரம் 6 இடும் என்று வைத்தாலும் 150 கோழிகள் கூண்டுக்கு வெளியே வரலாம். 'கூண்டில்லா' என்று உறையில் அச்சிட்டிருப்பதை நம்பி மட்டும் வாங்கவைக்காதீர்கள். கொள்முதல் அதிகாரியோடு பண்ணைக்குப் போங்கள். ஒப்பிட ஐரோப்பிய அளவு இருக்கிறது: சதுர மீட்டருக்கு 9 கோழிக்கு மேல் இல்லை, 7 கோழிக்கு ஒரு முட்டைப்பெட்டி, ஒவ்வொன்றுக்கும் 15 சென்டிமீட்டர் உட்காரும் கம்பு. போவதற்கு முந்தைய இரண்டு மூன்று நாளில் வேறு கோழிப்பண்ணைக்குள் போயிருக்கக் கூடாது. அவர்கள் தரும் பூட்ஸைப் போட்டு, கிருமிநாசினித் தொட்டியில் நனைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும்.