பணம் கட்டி முடித்த பின்னும் பூட்டா?

கேள்வி: அமெரிக்காவிலுள்ள அண்ணா, தவணை முழுவதையும் கட்டி முடித்த தமது ஐபோனை எனக்கு அனுப்பினார். இங்குள்ள சிம்மைப் போட்டால் ‘சிம் நாட் சப்போர்ட்டட்’ என்று காட்டுகிறது. யாழ் நகரக் கடையொன்றில், பூட்டை நிரந்தரமாக உடைத்துவிட்டதாகச் சொல்லி, சிம்மின் அடியில் மெல்லிய தகடொன்றை வைத்துத் தந்தார்கள். மூன்று கிழமைகளின் பின், மென்பொருளைப் புதுப்பித்ததும் பழைய செய்தியே வந்துவிட்டது. சொந்தப் பொருளுக்கு ஏன் இந்தப் பூட்டு?
- வாசகி, சாவகச்சேரி

பதில்: போன் உங்களுடையதுதான், வேறு நிறுவனத்தின் சிம் வேலை செய்யாதபடி போட்ட பூட்டின் திறப்பு மட்டும் போனை விற்ற தொலைபேசி நிறுவனத்திடம் இருக்கிறது. ஐபோனில் அந்தப் பூட்டு ஆப்பிள் நிறுவனத்தின் பதிவேட்டில் இருப்பதால், தகடு போனைச் சில காலம் ஏமாற்றுமே தவிரப் பூட்டைத் திறக்காது.

தவணைக் கடனுக்குப் பாதுகாப்பாகவே பூட்டுகிறோம் என்பது நிறுவனங்களின் வாதம். லீசிங்கில் எடுத்த முச்சக்கர வண்டியின் பதிவுப் புத்தகத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கும். ஆனால் இன்ன செட்டில்தான் பெற்றோல் அடிக்க வேண்டும் என்று எவரும் கட்டளையிடுவதில்லை. கடன் தீர்ந்த பின்னும் பூட்டு நீடிப்பதற்கு நியாயமே கிடையாது.

அமெரிக்காவில், 2013 ஜனவரி 26 முதல், புதிதாக வாங்கிய போனை நிறுவனத்தின் அனுமதியின்றித் திறப்பது பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் குற்றமாகவே கருதப்பட்டது. ஒரு இலட்சத்துப் பதினாலாயிரத்துக்கும் அதிகமானோர் வெள்ளை மாளிகைக்கு மனுச் செய்ததை அடுத்து, 2014 ஆகஸ்ட் 1 அன்று ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் அந்தத் தடையை நீக்கியது. எனினும், நிறுவனமே திறந்து கொடுத்தாக வேண்டும் என்று அச்சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. கனடா ஒரு படி மேலே சென்று, 2017 டிசம்பர் 1 முதல் புதிய போன்களைப் பூட்டின்றியே விற்க வேண்டும் என விதித்தது. ரொறன்ரோவிலிருந்து வரும் புதிய போன்கள் இங்கு தகராறு செய்யாததன் காரணம் அதுதான்.

ஆகவே, நட்சத்திரம், சதுரக்குறி, 06, சதுரக்குறி என்று அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை (போனின் அடையாள எண்) அண்ணாவுக்கு அனுப்பி, விற்ற நிறுவனத்திடம் அவரையே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். திறந்ததும், செட்டிங்ஸில் ஜெனரல், அபவுட் பகுதிக்குள் ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்று தெரியும். அதுவரை எந்தக் கடைக்கும் மேலும் பணம் கொடுக்காதீர்கள்.

தகட்டை நிரந்தரத் தீர்வென்று விற்றது வேறு விடயம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் முறையிடலாம். கேட்டால் பற்றுச்சீட்டுத் தரவேண்டியது வியாபாரியின் கடமை என்பதால், அன்று வாங்காதிருந்தால் இன்றே போய்க் கேளுங்கள்.